எட்டாம் நம்பர், வலது கால்

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். கடையை விற்பது. இந்த மாதத்துக்குள் விற்பது. வீட்டுக்காரி சம்மதித்தாலும் சரி, சம்மதிக்காவிட்டாலும் சரி, விற்றே தீருவது.

கண்ணாடியில் வாய் நிறைய நுரையோடு ஒரு வீரன் நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"உள்ள யார்கூட பேசிட்டிருக்கீங்க?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"யார்கூடவும் இல்லம்மா."

"அப்ப சீக்கிரம் வாங்க. பேக்கிங் டேப் தீர்ந்துபோச்சு. அகலமா இருக்குமே, அது. போன தடவை மாதிரி ரிப்பன் வாங்கிட்டு வந்து நிக்காதீங்க."

வீரன் வாயைக் கொப்பளித்துவிட்டு டேப் வாங்கப் போனான்.

எங்கள் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, ஷட்டர் கிடையாது. இன்டர்நெட்டில் மட்டும் இருக்கிற கடை. நடப்பதெல்லாம் எங்கள் வீட்டு ஹாலில். கிடைப்பது ஒற்றைச் செருப்பு, ஒற்றை ஷூ. இடதா வலதா, எத்தனாம் நம்பர் என்று சொன்னால் போதும். என் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர், "மிச்சம் ஒண்ணை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து என் மனைவி அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுகிறாள்.

ஒரு கால் இல்லாதவர்கள் நாம் நினைப்பதைவிட நிறையப் பேர். அவர்கள் கடைக்குப் போனால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும். என் மனைவி என்ன செய்கிறாள் என்றால், இங்கே இடது கால் ஆறாம் நம்பர் ஒருவர் இருந்தால், எங்கேயோ இருக்கிற வலது கால் ஆறாம் நம்பரைத் தேடிப் பிடிக்கிறாள். ஒரு ஜோடி வாங்கி ஆளுக்கு ஒன்று அனுப்பிவிடுகிறாள். அந்த இருவருக்கும் எங்கள் வீட்டில் 'ஜோடிக்காரங்க' என்று பெயர்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. ஜோடிக்காரர்கள் இருவரும் ஒரே மாடலுக்கும் ஒரே நிறத்துக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே வீட்டில் இருக்கிற புருஷனும் பெண்டாட்டியும் ஒரு திரைச்சீலை வாங்கிவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருக்கிறார்கள். முன்பின் பார்த்திராத இரண்டு பேர் ஒரு ஷூவுக்கு எப்படி ஒத்துப்போவார்கள்? தினமும் போனில் பஞ்சாயத்துதான்.

"அவருக்கு லேஸ் வச்ச ஷூ பிடிக்கலையாம்ண்ணே."

"லேஸ் கட்டக்கூட சோம்பேறித்தனமா அந்த ஆளுக்கு?"

"ஒத்தைக் கால்ல நின்னுகிட்டு குனிஞ்சு கட்டிப் பாருங்க, தெரியும்."

"நானும் ஒத்தைக் கால்தானேம்மா!"

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கணுமே!"

கடைசியில் என் மனைவி ஒரு சட்டம் போட்டாள். ஒரு தடவை இவர் முறை, அடுத்த தடவை அவர் முறை. யார் முறையோ அவர் சொல்வதுதான் நிறம். மற்றவர் வாய் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இந்தச் சட்டம் கிடையாது. எங்கள் வீட்டில் எப்போதும் அவள் முறை.

பொருள் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆனதும் ஒவ்வொருவருக்கும் அவளே போன் போடுவாள். "கடையிலேர்ந்து பேசறேங்க. உங்களுக்கு அனுப்பினது அளவு சரியா இருந்துச்சா?" என்பாள். அதை அவள் கேட்கிற குரலில் ஒரு குழைவு இருக்கும், ஒரு கவலை இருக்கும். அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன.

நானும் ஒரு முறை உதவி செய்யப் போனேன். பார்சல் கட்டுகிற அவசரத்தில் ஒருவருக்கு ஒன்றுக்குப் பதில் ஜோடியாகவே அனுப்பிவிட்டேன். அவர் பதில் எழுதியிருந்தார். 'அனுப்பியதற்கு நன்றி. இன்னொன்று முளைத்ததும் தெரிவிக்கிறேன்.' அதற்குப் பிறகு எனக்கு டேப் வாங்குகிற வேலை மட்டும்தான்.

இந்தக் கடை எப்படி வந்தது என்று சொல்லாமலே தப்பித்துவிடலாமா என்று பார்க்கிறேன். முடியாது போலிருக்கிறது.

எங்களுக்கு ஒரே பையன். காலேஜில் முதல் வருஷம் படிக்கும்போது எலும்பில் நோய் வந்தது. இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவன் சொன்ன முதல் வார்த்தை, "அப்பா, இனிமே எனக்கு ஷூ பாதி விலைதான்." எந்தக் கடைக்காரனும் அதற்குச் சம்மதிக்கவில்லை. உடனே அவன் அம்மா இன்டர்நெட்டில் எழுதிப் போட்டாள். எட்டாம் நம்பர் ஷூவில் எங்களுக்கு வலது வேண்டும், இடது யாருக்கு வேண்டும் என்று. வேறொரு ஊரிலிருந்து ஒரு டெய்லர் பதில் போட்டார். வலது கால் இல்லாதவர். அவர்கள் இருவரும்தான் எங்கள் கடையின் முதல் ஜோடி.

டெய்லர் ஒற்றைக் காலால் தையல் மிஷின் மிதிக்கிறவர். ஷூ சீக்கிரம் தேய்ந்துவிடும். பையனுக்கு அது புதுசாகவே இருக்கும்.

"டெய்லர் மாமா, நீங்க மிஷினை மிதிக்கிறீங்களா, ஷூவை மிதிக்கிறீங்களா?" என்று இவன் போனில் கத்துவான்.

"நீ வீட்லயே உக்காந்திருந்தா ஷூ எப்படிடா தேயும் கூட்டாளி? எழுந்து நட!" என்று அவர் அந்தப் பக்கம் கத்துவார்.

அதற்காகவே அவன் எழுந்து நடந்தான். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்ப்பான். தன் முறை வந்தால் நீலம், பச்சை என்று ஏதாவது கேட்பான். டெய்லர் முறை வந்தால் எப்போதும் பழுப்புதான்.

பிறகு நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை காலோடு விடவில்லை. பையன் இறந்துபோனான்.

இதை இப்போது எழுதிவிட்டேன். அந்த நாட்களில் இந்த இரண்டு வார்த்தையை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆபீஸ் லீவு விண்ணப்பத்தில்கூடச் 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதினேன். யாராவது அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் மழை வருமா என்று கேட்பேன். என் மனைவி பேச்செடுத்தால் டேப் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவேன். வீட்டில் ஒரு காலத்தில் பத்து வருஷத்துக்குத் தேவையான டேப் சேர்ந்துவிட்டது.

கடையை அவள் மூடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பெரிதாக்கினாள். ஹால் முழுக்கப் பெட்டி. காபி குடிக்க உட்கார்ந்தால் எதிரே ஒற்றை ஷூ. பேப்பர் படிக்க உட்கார்ந்தால் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. என்னால் தாங்க முடியவில்லை. இந்தக் கடையை விற்று, பிறகு இந்த வீட்டையும் விற்று, எல்லோருக்கும் இரண்டு கால் இருக்கிற ஏதாவது ஒரு தெருவுக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதை அவளிடம் சொல்ல வேண்டுமானால் அவனைப் பற்றிப் பேச வேண்டும். அதனால் வயசு, முதுகு, ஓய்வு என்று பேசினேன்.

பல ஊர்களில் கிளை வைத்திருக்கிற ஒரு பெரிய செருப்புக் கம்பெனி எங்கள் கடையை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. அவர்கள் எழுதுவார்கள். இவள் 'வேண்டாங்க, நன்றி' என்று பதில் போடுவாள். அவர்கள் மறுபடி எழுதுவார்கள்.

டேப்பை மேஜைமேல் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினேன்.

"ஏம்மா, அந்தக் கம்பெனிக்காரங்க மறுபடி எழுதியிருக்காங்க போல."

"எழுதட்டும். அவங்களுக்கு வேற வேலை இல்ல."

"நல்ல விலை சொல்றாங்களே."

"நான் விலைக்கு வைக்கலையே."

"நமக்கு வயசாகுதுல்ல?"

"உங்களுக்கு ஆகுது. எனக்கு வேலை இருக்கு."

"முதுகு வலிக்குதுன்னு நேத்து சொன்னே."

"முதுகை வாங்கிக்கிறாங்களான்னு கேளுங்க. இப்பவே குடுத்துடலாம்."

நான் விடவில்லை. அன்று விடவில்லை, மறுநாளும் விடவில்லை. சாப்பிடும்போது சொன்னேன். துணி காயப் போடும்போது சொன்னேன். கோரிக்கை வைக்கிறவன் வேலையும் செய்ய வேண்டுமே என்று துணியை நானே காயப் போட்டுக்கொண்டு சொன்னேன். வாரக் கடைசியில், ஒரு பெட்டியை ஒட்டிக்கொண்டே அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி. வித்துடலாம்."

அவள் 'முடியாது' என்று சொன்னால் என்ன சொல்வது என்பதற்குப் பதினைந்து பதில் வைத்திருந்தேன். 'சரி' என்றால் என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அதற்கு அவசியமே வந்ததில்லை.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். ஆனா ஒண்ணு. வாங்கறவங்க எல்லாரும் என்னை நம்பி வந்தவங்க. கடை கைமாறுதுன்னு ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணிச் சொல்லணும். அதை நீங்கதான் பண்ணணும்."

"நானா?"

"விக்கணும்னு சொன்னது யாரு?"

"நான்."

"அப்ப யாரு பண்ணணும்?"

அவள் தன் போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். எவ்வளவு சுலபமாக ஜெயித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு பாட்டு டீச்சர்.

"வணக்கம்மா. ஒத்தைச் செருப்புக் கடையிலேர்ந்து பேசறேன். ஒரு விஷயம்..."

"அய்யோ, நானே கூப்பிடணும்னு இருந்தேன். வார் அறுந்துபோச்சு சார். கச்சேரி வருது. இந்தத் தடவை என் ஜோடிக்காரி முறை. அவ ஹீல்ஸ் கேப்பா. ஒத்தைக் கால்ல ஹீல்ஸ் போட்டா நான் மேடையிலேயே விழுந்துடுவேன். கொஞ்சம் பேசிப் பாக்கறீங்களா?"

பேசிப் பார்த்தேன். அரை மணி நேரம் பேசி, ஹீல்ஸைப் பாதியாகக் குறைத்து இருவரையும் சம்மதிக்க வைத்தேன். போனை வைத்த பிறகுதான் கடையை விற்கிற சமாச்சாரத்தைச் சொல்லவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

அடுத்தவர் ஒரு லாரி மெக்கானிக். இவரிடம் உஷாராக எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன்.

"கடையை விக்கப் போறோங்க."

"எதுக்கு?"

"எங்களுக்கு வயசாகுது."

"செருப்பு வயசா கேக்குது?"

"இல்லீங்க, பெரிய கம்பெனி, நல்லா பாத்துப்பாங்க."

"மழை பேஞ்சா ரப்பர் அடி வழுக்குதுன்னு சொன்னேன். வீட்டம்மா எட்டுக் கடை ஏறி இறங்கி வழுக்காத அடி தேடி அனுப்பினாங்க. உங்க கம்பெனிக்காரன் ஏறி இறங்குவானா? அவனுக்குத்தான் ரெண்டு கால் இருக்கே."

எனக்கும் இரண்டு கால் இருந்தது. அவரிடமும் ஓர் ஆர்டர் எடுத்துக்கொண்டு போனை வைத்தேன். சாயங்காலத்துக்குள் ஆறு பேருக்குப் போன் போட்டு ஐந்து ஆர்டர் எடுத்திருந்தேன். ஆறாவது ஆள் போனை எடுக்கவில்லை.

"வியாபாரம் எப்படிப் போகுது?" என்று கேட்டுக்கொண்டே காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"வியாபாரம் இல்லம்மா. மூடுவிழா."

"அப்படியா? மூடுவிழாவே நல்லா நடத்தறீங்க."

மறுநாள் அந்த எண் வந்தது. 'டெய்லர், எட்டு, இடது.' தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அவள் எதிரே உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு என்னைப் பார்க்காமலே பார்க்கத் தெரியும். போன் போட்டேன். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்கக்கா."

"அக்கா இல்லீங்க. அக்கா வீட்டுக்காரர்."

மிஷின் நின்றது.

"சாரா? நல்லா இருக்கீங்களா சார்? உங்க குரலை இப்பத்தான் கேக்கறேன்."

"நல்லா இருக்கேங்க. ஒண்ணு சொல்லணும்னு..."

"சொல்லுங்க சார். நானும் கூப்பிடணும்னுதான் இருந்தேன். ஷூ போயிடுச்சு. கட்டைவிரல் வெளிய வந்து எட்டிப் பாக்குது. இந்தத் தடவை கூட்டாளி முறை. என்ன கலர் சார்?"

இந்த மனுஷனுக்கு யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை. அவருடைய கூட்டாளி வீட்டில் உட்கார்ந்து நிறம் யோசித்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்லலாம். இரண்டு வார்த்தைதான். வாயைத் திறந்தேன்.

"சிவப்பு" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவன் அம்மா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னான். 'அடுத்தது என் முறைப்பா. சிவப்பு. இப்பவே டெய்லர் மாமாகிட்ட சொல்லிடாதீங்க, பயந்து ஓடிடுவார்.' அடுத்த முறை அவனுக்கு வரவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு டெய்லர் மெதுவாகச் சிரித்தார். "சிவப்பா! கஸ்டமர் துணியைப் பாக்காம என் காலைப் பாப்பானே சார். சரி, அவன் முறை. நான் வாய் திறக்கக் கூடாது."

அன்று அவள் கடைத்தெருவுக்குப் போன சமயம் பார்த்துப் பையன் அறையைத் திறந்தேன். சரக்கு வைக்கிற இடம் என்று நினைத்து அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். உள்ளே பெட்டி ஒன்றுகூட இல்லை. அவன் கட்டில் இருந்தது. ஊன்றுகோல் இருந்தது. அலமாரியில் வலது கால் ஷூக்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் எட்டாம் நம்பர். அவன் போட்டுத் தேய்ந்தவை முதலில். அதற்கப்புறம் அடியில் தூசிகூடப் படாத புதுசு. நீலம், பழுப்பு, சாம்பல், பழுப்பு. டெய்லருக்கு ஒவ்வொரு முறை இடது போனபோதும் வலது இங்கே வந்திருக்கிறது. அவன் முறை வந்தபோதெல்லாம் அவள் நிறம் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அவள் பாவம், டெய்லரிடம் உண்மையைச் சொல்ல முடியாமல் இந்தப் பொய்யைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்து அழுதேன். ஒரு விஷயத்திலாவது அவளைக் காப்பாற்றுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். நான் எடுக்கிற முடிவுகளின் லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

மொத்த வியாபாரிக்கு நானே ரகசியமாகப் போன் போட்டு எட்டாம் நம்பரில் சிவப்பு ஷூ ஒரு ஜோடிக்குச் சொன்னேன். கடையை விற்கப் போகிறவன் கடைக்குச் சரக்கு வாங்கினேன். பெட்டி வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். ரகசியம் எப்போதும் நாம் குளிக்கும்போதுதான் வந்து சேரும்.

"இது யார் சொன்னது?" என்றாள்.

"எது?"

"இந்த ஷூ."

"தெரியலையே. மாத்தி அனுப்பிட்டான் போலிருக்கு."

"எட்டாம் நம்பர். மாத்தி அனுப்பறவன் அளவைச் சரியா அனுப்பியிருக்கான்."

"சில பேர் அப்படி."

அவள் சிவப்பு ஷூவைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இடதைப் பெட்டியில் வைத்து டெய்லர் விலாசம் எழுதினாள். வலதை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குள் போனாள். நான் டேப் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. நிறைய இருந்தது.

அடுத்த நாள் கம்பெனிக்காரர் வந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். டை கட்டிய இளைஞர். ஹாலில் பெட்டிகளுக்கு நடுவே கிடந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, மடிமேல் லேப்டாப்பை விரித்து, நான் அனுப்பியிருந்த கஸ்டமர் பட்டியலைத் திறந்தார். என் மனைவி அவருக்குக் காபி கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள்.

"நான் ரெண்டு கேள்வி கேக்கலாமா தம்பி?"

"தாராளமா கேளுங்க மேடம்."

"ஜோடி எப்படிச் சேப்பீங்க?"

"கம்ப்யூட்டரே சேத்துடும் மேடம். ஒரு செகண்ட்."

"ஜோடிக்காரங்க ரெண்டு பேரும் பேசிக்கலாமா?"

"அது முடியாது மேடம். ஒருத்தர் நம்பரை இன்னொருத்தருக்குக் குடுக்கறது ரூல்ஸ்ல இல்ல. யாரு ஜோடின்னே தெரிய வேண்டியதில்ல. சண்டையும் மிச்சம்."

"சரி" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒண்ணும் இல்ல. அவர் கையெழுத்துப் போடுவார்."

டைக்காரர் பேனாவை என்னிடம் நீட்டினார். நீட்டிக்கொண்டே லேப்டாப்பைப் பார்த்தார்.

"ஒரு சின்ன விஷயம் மட்டும் சார். ஜோடி இல்லாத கஸ்டமர்ஸை நாங்க எடுத்துக்க முடியாது. மிச்ச ஷூ வேஸ்ட் ஆகும் பாருங்க. பெரும்பாலும் எல்லாருக்கும் ஜோடி இருக்கு. ஒருத்தர் மட்டும்தான் பிரச்சினை. எட்டு, இடது. ஒரு டெய்லர். அவருக்கு ஜோடி இல்ல. அவரை நீக்கிடலாம்."

"இருக்கு" என்றேன்.

"இல்ல சார், வலது எட்டு ரொம்ப நாளா ஆக்டிவ்ல..."

"இருக்கான்யா!" என்று கத்தினேன். வீட்டில் நான் கத்திப் பழக்கமில்லை. எனக்கே அந்தச் சத்தம் புதுசாக இருந்தது. "அவருக்கு ஜோடி இருக்கான். என் பையன். எட்டாம் நம்பர், வலது கால். இந்தத் தடவை அவன் முறை. சிவப்பு கேட்டிருக்கான். அவன்... அவன் செத்துப்போயிட்டான். என் பையன் செத்துப்போயிட்டான். ஆனா முறை அவனோடதுதான்."

டைக்காரர் பேனாவை மெதுவாக மூடினார். காபியை முழுக்கக் குடித்து, டம்ளரைத் தானே சமையலறையில் கொண்டுபோய் வைத்து, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல பையன். அவருடைய கம்பெனி அவருக்கு அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருந்தது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். இனிமேல் தள்ளிப்போட முடியாது. டெய்லருக்குப் போட்டேன்.

"டெய்லர் சார், உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். சிவப்பு இப்ப கேட்டதில்ல. அவன் இப்ப இல்லை. போய் மூணு வருஷத்துக்கு மேல ஆகுது. உங்களுக்கு யாரும் சொல்லலை. என்னை மன்னிச்சுடுங்க."

"தெரியும் சார்" என்றார் டெய்லர்.

"தெரியுமா?"

"அக்கா அன்னிக்கே சொன்னாங்க. நான் அன்னிக்கு மிஷின்ல உக்காரலை. அப்புறமும் பழக்கத்துல கூட்டாளி முறை, என் முறைன்னு நானும் அக்காவும் பேசிக்குவோம்."

"அப்ப என்கிட்ட ஏன் அப்படிக் கேட்டீங்க?"

"நான் கலர்தான் சார் கேட்டேன். அவன் முறை வந்தா இந்தத் தடவை சார்கிட்ட கேளுங்கன்னு அக்காதான் சொல்லியிருந்தாங்க. நீங்களா எப்ப போன் பண்ணுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். சிவப்புன்னு எப்ப சார் சொன்னான்?"

ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன். 'பயந்து ஓடிடுவார்' என்று அவன் சொன்னதையும் சொன்னேன். அவர் ஒற்றைக் காலால் எங்கே ஓடுவது என்று கேட்டுச் சிரித்தார், அழுதார். நானும் அப்படியே. பேசி முடித்தபோது ஹாலில் வெயில் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்குப் போயிருந்தது.

அவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. சிவப்பு கேட்ட கதையை இப்போதுதான் அவளும் கேட்டிருக்கிறாள்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

"எனக்கு மட்டும் தெரியுமா? தினம் போன்ல யார்கிட்டயாவது அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேசுவேன். இந்தக் கடை எப்படி வந்துச்சுன்னு புதுசா வர்ற ஒவ்வொருத்தரும் கேப்பாங்க. அப்ப அவன் பேரைச் சொல்லலாம். இதை வித்துட்டா நான் யார்கிட்ட சொல்றது? உங்ககிட்ட சொன்னா நீங்க டேப் வாங்கப் போயிடறீங்க."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தரை சில்லென்று இருந்தது.

"விக்கலாம்னு சொன்னியே, அது?"

"டெய்லருக்குப் போன் பண்ணிட்டா நீங்க விக்க மாட்டீங்கன்னு தெரியும்."

"ஒருவேளை நான் கையெழுத்துப் போட்டிருந்தா?"

"அவர் நீட்டின பேனாவை நீங்க தொடக்கூட இல்ல. கையெழுத்தாம்."

அந்த நாளிலிருந்து போன் எடுக்கிற வேலை என்னுடையது. வேறு யாரோடு பேசினாலும் பேசாவிட்டாலும், சாயங்காலம் டெய்லர் மிஷினை நிறுத்துகிற நேரத்தில் அவருக்குப் போன் போட்டுவிடுகிறேன். ஜோடிக்காரங்க மாதிரி எங்கள் இருவருக்கும் நிறையப் பேச இருக்கிறது. அவனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. சிவப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு அவர் மிஷின் மிதிக்கிற போட்டோவை அனுப்பியிருந்தார். கஸ்டமர் எல்லோரும் காலைத்தான் பார்க்கிறார்களாம்.

ஒரு வாரம் கழித்து, அவரோடு பேசி முடித்து வைத்த உடனே என் சொந்தப் போன் அடித்தது. எடுத்தேன். சமையலறையிலிருந்தும் போனிலிருந்தும் ஒரே சமயத்தில் அந்தக் குழைந்த குரல் கேட்டது.

"கடையிலேர்ந்து பேசறேங்க. உங்களுக்கு அனுப்பினது அளவு சரியா இருந்துச்சா?"